ஜிம் ஓடுமா என்று கேட்டான், அண்ணே

சொன்னால் கேட்காத என் செல்ல அண்ணனுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே சந்தில் குடியிருந்துகொண்டு யார் கடிதம் எழுதுவார்கள்? வாட்ஸ்அப்பில் நான் நீளமாக எதையாவது எழுதினால், நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். இன்றைக்கு அதுவும் வரப்போவதில்லை. அதனால் குறுக்கே யாரும் பேசாமல் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கெட்ட செய்தி. உன் ஜிம்மை மூடிவிட்டோம். நான்தான் மூடவைத்தேன் என்று லேபர் கேம்ப்பில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அது பொய்யும் இல்லை.

இப்போது நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய் என்று தெரியும். வைத்துக்கொள். ஆனால் கடைசி வரை கேள்.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், இட்லி வியாபாரம் செய்கிற இசக்கியக்கா குடியிருக்கிற வீட்டு மாடியில், இரும்பு ஏணி ஏறிப் போனால் உன் ஜிம். பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் ஏணியில் நிற்க வேண்டும். போர்டில் 'எஸ்.எம். ஃபிட்னஸ்' என்று எழுதினாய். முழுப் பேரையும் போட்டால் என்ன என்று மதினி கேட்டதற்கு, "சுடலை ஜிம்னு போர்டு வெச்சா எவம்ட்டி உள்ள வருவான்" என்று சொல்லி நீயே சிரித்தாய். 

லெதர் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். அதை விட்டுவிட்டு வந்தாய். ஊரில் உன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றாய், மதினியின் நகையையும் விற்றாய். எல்லாம் சேர்த்து அந்த மாடிக்கு ஹெவி டெபாசிட்டாகப் போனது. மாச வாடகை கிடையாது, மொத்தப் பணத்தையும் காலி பண்ணும்போது திருப்பித் தருவார்கள், அப்புறம் என்னடி நஷ்டம் என்று என்னிடமே கேட்டாய். செம்பூரில் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவளிடம்!

நான் அப்போதே தலைதலையாய் அடித்துக்கொண்டேன். சின்ன ஜிம் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். பெரிய ஜிம்காரர்கள் ஏசி போடுவார்கள், பாட்டுப் போடுவார்கள், புரோட்டீன் டப்பா விற்பார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "நான் இருக்கேன்ல" என்றாய்.

பாட்டு உன் ஜிம்முக்கு வாய்க்கவே இல்லை. இசக்கியக்கா வீட்டில் விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து இட்லி அவிக்க வேண்டும். அதனால் சாயங்காலமே அடுத்தடுத்துப் படுத்துவிடுவார்கள். சாயங்காலம்தான் உன் மாடியில் கூட்டம். ஒரு டம்பெல் தரையில் விழுந்தால் கீழே குழந்தை அழும். அதனால் சத்தம் வராமல் வெயிட்டை இறக்கத் தெரியாதவனுக்கு உன் ஜிம்மில் இடமில்லை. தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விடுங்கலே என்பாய். மும்பையிலேயே குசுகுசுவென்று பேசிக்கொண்டு உடம்பை வளர்த்த ஒரே கூட்டம் உன் கூட்டம்தான். பாட்டும் கூச்சலும் வேண்டும் என்றவர்கள் மெயின் ரோட்டு ஜிம்முக்குப் போய்விட்டார்கள். நீ அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைக்கூட மன்னித்துவிடலாம். நீ செய்த பெரிய தப்பு வேறு. ஜிம் என்ற வியாபாரமே, பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பவர்களை நம்பித்தான் நடக்கிறது. ஜனவரியில் சேருவான், பிப்ரவரியில் காணாமல் போவான். அவன் கட்டிய காசில்தான் ஏசி ஓடும். நீயோ, ரெண்டு நாள் ஒருத்தன் வரவில்லை என்றால் அவன் வீட்டுக் கதவைத் தட்டினாய். அவன் அம்மா முன்னாலேயே போர்வையை இழுத்து, கையோடு கூட்டி வந்தாய். உலகத்தில் எந்த ஜிம்காரன் இப்படிச் செய்வான்?

சித்திரை, வைகாசியில் பாதிப் பேர் கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போவார்கள். மும்பையில் ஜிம் நடத்துகிற யாரும் கேள்விப்பட்டிராத ஒரு சட்டத்தை நீ வைத்திருந்தாய். கொடைக்குப் போன நாட்களுக்குக் காசு கிடையாது. சாமி காரியத்துக்குப் போனவனிடம் எப்படி வாங்குவது என்றாய். வருகிறவன் எல்லாம் உனக்கு மச்சானோ மருமகனோதான். அந்த மாதங்களில் மின்விசிறி பாதி நேரம் உனக்காக மட்டும் சுற்றியது.

கோச்சாக வைத்திருந்த பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாததால் அவன் செம்பூர் போய்விட்டான். அப்புறம் காலையில் திறப்பதும் நீ, சொல்லிக்கொடுப்பதும் நீ, இரவு தரையைத் துடைப்பதும் நீ. மத்தியானம் ஜிம் காலியாக இருக்கும் நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு சயானிலிருந்து காட்கோபர் வரைக்கும் பார்சல் போடப் போனாய். எல்லோரிடமும் எட்டு மணி நேரம் தூங்குங்கலே என்று சொல்லிவிட்டு நீ எப்போது தூங்கினாய், அண்ணே?

அன்றைக்குக் காலையில் நீதான் ஷட்டரைத் தூக்கினாய். முதலில் வந்தவர்கள் பார்த்தபோது பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். ஷூ லேஸ் கட்டுகிறாய் என்று நினைத்து அவர்கள் பாட்டுக்குத் தயாராகியிருக்கிறார்கள். நீ நிமிரவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மதினியிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, தினமும் எவ்வளவு நேரம் தூங்குவார் என்பது.  நீ எதனால் போனாய் என்று இன்றுவரை யாரும் எங்களுக்கு உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் கேம்ப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பவுடர் தின்றான், ஊசி போட்டான், நெஞ்சு வெடித்தது என்றார்கள். டப்பா விற்றால் கமிஷன் வரும் என்று வந்தவனை ஏணியிலேயே திருப்பி அனுப்பினவன் நீ. முட்டையும் சுண்டலும் போதும் என்று சொன்னவன். உன் மேல் இந்தப் பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தியோடு சண்டையே போட்டுவிட்டேன்.

சண்டை போட்டு என்ன? ஜிம் வைத்திருந்தவனே இப்படிப் போனான் என்றால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? காலையில் நான் திறந்தேன், சாயங்காலம் உன் பழைய ஆட்கள் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஏணியில் ஏறுகிற சத்தமே நின்றுவிட்டது.

இடத்துக்காரர் நல்லவர்தான், ஆனால் கையில் பணம் இல்லை. அடுத்த ஆள் டெபாசிட் கொண்டுவந்தால்தான் எங்களுடையதைத் தர முடியும் என்று சொல்லிவிட்டார். மதினிக்குப் போட்டுக்கொள்ள ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. எல்லாம் அந்த மாடியில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் கணேசன் வந்தான். உன் ஜிம்மில் பழகினவன்தான், இப்போது காட்கோபரில் ஒரு மாலுக்குள் இருக்கிற ஜிம்மில் கோச்சாக இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்து, இடத்தையும் மெஷின்களையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன் என்றான். டெபாசிட்டுக்கு அவன் அம்மாவின் நகை தயாராக இருந்தது. மதினி டீ போட எழுந்தாள். நீ போன பிறகு அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பேசி முடித்து, டீயும் குடித்து முடித்தான். கிளம்பப் போனவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, நீங்க கணக்குப் பாக்குற ஆளு. சச் சொல்லுங்க, உள்ளதச் சொல்லுங்க. இது ஓடுமா?"

ஓடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணே. அடுத்த வாரம் மதினி கையில் பணம். உன் போர்டும் அப்படியே இருக்கும். ஒரே ரூம் வீடு, ஸ்டவ் பக்கத்தில் நின்று மதினி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.  மின்சாரம், ரிப்பேர், மெஷின் தவணை எல்லாம் போட்டு நீ காட்டிய கணக்கு எனக்கு மனப்பாடம். எந்த மாதமும் பெரிய நஷ்டம் இல்லை. அதைத்தான் நீ பெருமையாகச் சொல்வாய். அந்தக் கணக்கில் உனக்கு என்று ஒரு சம்பளம் எங்கேயும் இல்லை.

"ஓடும் கணேசா" என்றேன். "ஒனக்குச் சம்பளம்னு ஒரு பைசா எடுக்கலன்னா ஓடும். நீயே தொறந்து, நீயே பூட்டி, நடுவுல வேற வேலைக்கும் போனா ஓடும். எங்க அண்ணன் அப்டித்தான் ஓட்டுனான்."

அவன் காலி டம்ளரைத் தரையில் வைத்தான். மாலில் ஏசி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆனால் அங்கே யார் பேரும் யாருக்கும் தெரியாது, அண்ணன் மாதிரி ஒரு இடம் வைக்க வேண்டும் என்றுதான் ஆசை என்றான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அண்ணன் சந்தோசமா இருந்தாவளா யக்கா?"

 மதினிதான் சொன்னாள்.

"அங்க சந்தோசமாத்தான் இருந்தாவ. வீட்டுக்கு மிச்ச ஆளுதான் வந்துச்சு."

சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி அவள் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வாங்க, சாப்பாடு ஆறுது என்று போனில் கூப்பிடுவாள், அவ்வளவுதான். அந்தக் குரலில் இவ்வளவு இருந்தது உனக்காவது தெரியுமா?

கணேசன் அந்த வாரமே, வேண்டாம் யக்கா என்று போன் பண்ணிவிட்டான். அன்றைக்கு மதினி எனக்குச் சோறு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். என் மேல் கோபமா, உன் மேலா? நான் கேட்கவில்லை. மெஷின்களில் நல்லதாக இருந்த ரெண்டை சான்பாடாவில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் வாங்கிக்கொண்டார்கள். கட்டடத்துக்கு ஒரு ஜிம் இருக்க வேண்டுமாம், யாராவது வருவார்களா என்பது அப்புறமாம். மற்றது இரும்பு விலைக்குப் போனது. மாடிக்கு இன்னும் ஆள் வரவில்லை. ஜீன்ஸ் தைக்கிற ஒருத்தர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மதினி சயானில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள்.

நான் செய்தது சரியா என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் இருந்தேன். ஒரு வார்த்தையில் உன் பேரையும் மதினியின் நகையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனோ என்று ரயிலில் நின்றுகொண்டு நினைப்பேன். சின்ன ஜிம்மே கூடாது என்றா சொல்கிறேன்? ரெண்டு பேர் சேர்ந்து, முறை வைத்து, தங்களுக்கும் ஒரு சம்பளம் எடுத்து நடத்தினால் ஒருவேளை நிற்குமோ என்னவோ. பத்துப் பேர் நிற்கிற மாடியில் ரெண்டு பேருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் எங்கேயோ ஒரு ஆளின் சம்பளம் குறைகிறது.

போன வாரம் மார்க்கெட்டில் கணேசனின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நகை பற்றியோ ஜிம் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, என்னவோ நான்தான் கேட்டேன் என்பது போல மகனைத் திட்ட ஆரம்பித்தாள்.

"உருப்படுவானா இவன்? ஞாயித்துக்கெழம ஆனா மத்தியானம் பூரா தூங்குதான் தாயி. எழுப்புனாலும் எந்திக்க மாட்டேங்கான்."

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், அண்ணே. பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தூங்கட்டும், எழுப்பாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மதினியின் நகைப் பணம் வரும்வரை அந்த இடத்துக்காரரை விடமாட்டேன். ஜிம் வைக்கலாமா என்று இனி யார் வந்து கேட்டாலும், மின்சாரத்தையும் மெஷினையும் சொல்வதற்கு முன்னால் உன்னைச் சொல்லுவேன். எங்களுக்கு எவ்வளவு நஷ்டமானாலும் சொல்லுவேன். இது சத்தியம்.

இனிமேலாவது நன்றாகத் தூங்கு.

கடைசிவரை உன்னிடம் சண்டை போட்டு ஜெயிக்காத உன் தங்கச்சி,
மாரி