வலது பக்கம் மட்டும் சுடுகிறது

இல்லை வாப்பா, வலது பக்கம் மட்டும்தான். இடது பக்கம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வலது பக்கத்தில் தண்ணீரைத் தெளித்தால் பொரிகிறது. ரப்பர் ஹோஸ் கருகி, இளகி, இஞ்சின் பெட்டியின் மூடி வரைக்கும் புகை. களப்புக் கரையிலிருந்து அந்த மணம் வீட்டுக்குள் வந்துவிட்டது. நீங்கள் இறந்ததிலிருந்து உம்மா இத்தா இருக்கிறார். வெளியே வர முடியாது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று கேட்கிறார்.

"என்ன புள்ள எரியிது?"

நீங்கள் கட்டிய படகு எரியப் பார்க்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நாளைக் காலையில் நானா அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தீவுகளைக் காட்டப் போகிறார். வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று, இரண்டு பிள்ளைகளோடு. ஹோட்டல்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. அதற்காகத்தான் இன்று ஓட்டிப் பார்த்தார். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனதும் புகை. அவர் திரும்பி வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "ஹோஸ் பழசு தங்கச்சி. புதுசு ஒண்டு போட்டா சரி."

ஹோஸ் பழசாம். உங்கள் மகன்தான், சந்தேகமில்லை.

அந்தக் கருகிய ஹோஸுக்கு ஒரு முழம் தள்ளிப் பெட்ரோல் தாங்கி. நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மையத்தோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன். இந்தக் கதையை உங்களோடு எத்தனை தடவை கதைத்திருப்பேன்.

படகு ஏன் வந்தது என்பதில் நமக்குள் வாதம் இருக்கவில்லை. முந்தைய படகுக்கு அடியில் சுழலும் காற்றாடி ஒருவரின் வலையை வெட்டிவிட்டது. அவர் அறுந்த வலையைச் சுமந்துகொண்டு வந்து நம் கேட்டுக்கு முன்னால் போட்டார். "வந்தாக்கள் எண்டா இப்பிடித்தான்," என்றார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இவ்வளவு காலம். நான் பிறந்ததே இங்கே. நீங்கள் வலையைக் கட்டிக் கொடுத்தீர்கள். அதன் பிறகுதான் காற்றாடியே இல்லாத படகு என்ற எண்ணம் உங்களுக்குள் புகுந்தது. அடியால் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகு. முழங்கால் ஆழத்திலும் போகும். யாருடைய வலையையும் வெட்டாது.

நல்ல எண்ணம்தான். அதற்கு நீங்கள் பழைய ஜீப் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது கூடச் சரிதான். அந்த இஞ்சினின் இரண்டு பக்கமும் புகை வெளியேறும் ஹெடர்களுக்கு இரட்டைச் சுவர் வைத்து ஒட்டுவித்தீர்கள். அதுவும் சரி. சுவர்களுக்கு நடுவே களப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடாவிட்டால் இரும்பு சிவக்கும், தொட்டதெல்லாம் கருகும். இதுவரைக்கும் நாம் ஒரே பக்கம்.

பிறகு தண்ணீர்க் குழாயைப் பூட்டத் தொடங்கினீர்கள்.

பள்ளிவாசல்களுக்குக் குழாய் பூட்டிய கை. தில்லையடியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் எத்தனை பள்ளிகளில் மக்கள் நீங்கள் பூட்டிய குழாயில் கைகால் கழுவி வுளூச் செய்கிறார்கள். மேலே தொட்டி, கீழே குழாய் வரிசை. உங்களுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் மேலிருந்து கீழே வந்த தண்ணீர். படகிலும் அப்படியே செய்தீர்கள். ஜெட் பம்பிலிருந்து வரும் ஹோஸை ஹெடரின் மேல் வாயில் கொடுத்தீர்கள். கீழ் வாயிலிருந்து வெளியே விட்டீர்கள்.

"வாப்பா, இதுக்கு மேல தொட்டி இல்ல. பம்ப் தள்ளுது. கீழால குடுத்து மேலால எடுங்க."

"தண்ணி மேலால வரும், கீழால போகும். அதுட சுபாவம் அது."

"அடைப்பு இல்லாத பேசினுக்குள்ள மேலால ஊத்தினா நிறையுமா? வந்த தண்ணி அப்பிடியே கீழால ஓடிரும். மேல் பாதி வெறுமையா நிக்கும். அங்கதான் சுடும்."

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "கெம்பஸ்ல எக்ஸோஸ்டும் படிப்பிச்சவங்களா?"

"மெய்யியல்தான் படிப்பிச்சாங்க."

"அப்ப மெய்யச் சொல்லு. இந்த ஊர்ல ஒரு பள்ளியிலயாவது நான் பூட்டின குழாய் சொட்டுதா?"

சொட்டவில்லை. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியை நான் கேட்டேன். நீங்கள் கொஞ்ச நாள் என்னோடு கதைப்பதை நிறுத்தினீர்கள். ஒரே வீட்டில், ஒரே மேசையில். "அவள்ட்டச் சொல்லு, கறியில உப்புப் போதாது எண்டு," என்பீர்கள் உம்மாவிடம். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன்.

நான் நியாயத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் வாயை விட்டுக்கொடுக்கவில்லை. உங்களிடம் ஒரு வசனம் இருந்தது. எந்த வாதமும் அதில் வந்து முட்டி நிற்கும்: "நான் பூட்டினத நான் கழட்டினதில்ல."

கடைசிக் காலையிலும் அதைத்தான் சொன்னீர்கள். மூடியைத் திறந்து வைத்து, வலது பக்கத்து ஹெடரைத் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். "இந்தா பாரு, மேலால." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாலாவிக்கு பஸ் வந்துவிட்டது. "வந்து கதைப்பம்," என்றீர்கள்.

பாலாவிச் சந்தியில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள் என்றார்கள். உப்பு லொறிக்காரர் ஒருவர்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். நீங்கள் திரும்பி வந்து கதைக்கவில்லை.

இது என்ன நியாயம்? ஒரு வாதத்தின் நடுவில் எழும்பிப் போவது.

இன்று நானா புது ஹோஸ் வாங்கி வந்தார். அதே மேல் வாயில் பூட்டப் போனார். நான் தடுத்தேன்.

"ஹோஸ் இல்ல நானா. பூட்டின விதம் பிழை. நாளைக்கு இதுவும் கருகும். பிள்ளைகள் ஏறுற படகு."

"வாப்பாட வேலையில பிழை பிடிக்கிறியா?"

"பிடிக்கிறன்."

ஜன்னலிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "அவர்ட கை பட்டத ஒருத்தரும் தொட வாணாம். தான் பூட்டினத தானே கழட்டாத மனிசன்."

மையத்து வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் உம்மா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் தொழுகையைச் சொன்னார், அடுத்ததாக இதைச் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

நானா ஸ்பானரைப் போட்டுவிட்டு ஒதுங்கிப் போய் சிகரட் பற்றவைத்தார். நான் எடுத்தேன். வலது பக்கத்தைக் கழற்றினேன். கீழால் கொடுத்து மேலால் எடுத்தேன். கைக்கு எட்டும் இடம், கஷ்டமில்லை.

பிறகு இடது பக்கம். அது படகின் சுவரோடு ஒட்டியிருக்கிறது. இஞ்சின் மேல் வயிற்றை வைத்துப் படுத்து, தலையைத் தொங்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். முதலில் கண்ணாடி தலைகீழாகக் காட்டுகிறது என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கையால் தடவினேன்.

பம்பிலிருந்து வரும் ஹோஸ் கீழ் வாயில் இருந்தது.

மேல் வாயில் பழைய கிளிப் இறுக்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. அதாவது, ஒரு காலத்தில் அங்கே பூட்டி, பிறகு கழற்றி, மாற்றிப் பூட்டியிருக்கிறது. நானா அந்தப் பக்கம் தலையை விட்டதே இல்லை. மரையில் சுற்றிய வெள்ளை டேப்பின் நுனியை மடித்து, இழுத்துக் கழற்ற ஒரு சிறு வால் விட்டிருக்கிறது. அப்படிச் சுற்றுகிறவர் இந்தக் கரையில் ஒருவர்தான்.

எப்போது செய்தீர்கள்? என்னோடு கதைக்காமல் இருந்தீர்களே, அப்போதா? நான் புத்தளத்துக்குப் போன ஏதாவது ஒரு பகலிலா? யாருக்கும் தெரியாத பக்கத்தில் என் சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் பார்க்கிற பக்கத்தில் உங்கள் சொல்லை வைத்திருக்கிறீர்கள். வைத்தது மட்டுமா? கடைசிக் காலையில், இடது பக்கத்தை மாற்றி முடித்த பிறகும், வலது பக்கத்தைத் தட்டித் தட்டி என்னோடு வாதாடியிருக்கிறீர்கள்.

ஒரு "ஓம்" சொல்லியிருக்கலாம். அரைவாசி ஓம். தலையை ஆட்டியிருக்கலாம். கறியில் உப்புச் சரி என்றாவது என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

சோதித்துப் பார்த்தீர்களா, எது சுடுகிறது என்று? அல்லது வலது பக்கத்தையும் மாற்றத்தான் பாலாவிக்குக் கிளிப் வாங்கப் போனீர்களா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. இஞ்சின் மேல் படுத்துக் கிடந்தபடியே கொஞ்சம் சத்தமாகத் திட்டினேன். நானாவுக்குக் கேட்டிருக்கும். கிளிப் இறுகவில்லையாக்கும் என்று நினைத்திருப்பார்.

எழும்பி வந்தபோது உம்மா திரையை விலக்கிப் பிடித்திருந்தார்.

"அவர்ட வேலைய மாத்திட்டியா?"

சொல்லியிருக்கலாம். அவரே மாற்றினார், வந்து பாருங்கள் நானா, தலையை விட்டுப் பாருங்கள் என்று. நான் சொன்னது சரி என்று அவருக்கே தெரிந்திருந்தது என்று. சொன்னால் நான் வென்றிருப்பேன். உம்மாவின் அந்த ஒரு வசனம் போயிருக்கும். இன்னும் எத்தனை பேர் வருவார்கள், அவர் எதைச் சொல்லுவார்?

"ஓம் உம்மா. ரெண்டு பக்கமும் நான்தான் மாத்தினன்."

"அல்லாஹ்வே," என்றார். திரை விழுந்தது.

நானா, "வந்த வேகத்தில எல்லாத்தையும் கழட்டிட்டா," என்றார், என்னிடம் அல்ல, களப்பிடம். இனி இந்த வீட்டில் வாப்பாவின் வேலையைக் கழற்றியவள் நான். கல்யாண வீட்டில் சொல்வார்கள், கந்தூரியில் சொல்வார்கள். நீங்கள் ஒளித்த "ஓம்" என்பதையும் சேர்த்து நான்தான் வைத்திருக்க வேண்டும். யாருக்கும் காட்ட முடியாத வெற்றி. பாரம்தான், வேறென்ன. இருக்கட்டும்.

நானாவை இஞ்சினைப் போடச் சொன்னேன். ஹெடர்களைச் சுற்றி வந்த தண்ணீர் படகின் இரண்டு பக்கமும் வெளியே விழுந்தது. கையில் இருந்த கிரீஸை மணலில் தேய்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முதல் தீவு வரைக்கும் போய்த் திரும்பினோம்.