வாய்விட்டு வாசிக்காத கட்டளை

சார்,

நேற்றுக் காலை ஆதார் அட்டையைத் தேடி ரேஷன் கார்டு பையைத் தலைகீழாகக் கொட்டினேன். முதியோர் கல்வி வகுப்பில் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க அது வேண்டும் என்றார்கள். பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாள் விழுந்தது. நீங்கள் கொடுத்த தாள். மடிப்பில் நைந்திருந்தாலும் எழுத்து அப்படியே இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன். உங்கள் ஏசி அறையின் வாசனை போய்விட்டது. எங்கள் வீட்டுப் பெட்டி வாசனைதான் அடித்தது.

எனக்கு இப்போது படிக்கத் தெரியும் சார். உங்களிடம் சொன்னால் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆனால் நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வடக்குத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. இந்த வயதில் முதல் முறையாக ‘அ’ எழுதியபோது டீச்சரம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். தமிழ் பிடிபட்டதும் இங்கிலீஷ் எழுத்தையும் விடவில்லை. பஸ் போர்டு, பற்பசை, சிமென்ட் மூட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிப் படிக்கிறேன். “வூட்ல இருக்கிற டப்பா எல்லாத்தையும் படிச்சிகினு கெடக்குது இந்தக் கெழம்” என்று என் மனைவி அஞ்சலை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்தக் குஷியில்தான் உங்கள் தாளை விரித்தேன். முதல் வரியில் என் பெயர் இருந்தது. ஜி, ஓ, வி என்று விரல் வைத்துக் கூட்டினேன். கோவிந்தன். சின்னப் பிள்ளை மாதிரி அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லைப் படித்தேன்.

டவுன்ஷிப்பில் அந்தத் தனியார் ஆபீசில் நான் கூட்டித் துடைக்கிற ஆள், கான்ட்ராக்ட். நீங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர். அங்கே வேலை செய்கிற எல்லோர் பெயரும் அந்த டைரக்டரி சர்வருக்குள் இருந்தது. பெயர் அதில் இருந்தால்தான் கேட்டில் அட்டையை வைத்ததும் கதவு திறக்கும். அது ஒரு மரம் மாதிரி என்று சொன்னீர்கள். பெர்மனென்ட் ஒரு கிளை, கான்ட்ராக்ட் ஒரு கிளை. “கடுதாசி மேல அட்ரஸ் எழுதுற மாதிரிதான் அண்ணே. முதல்ல ஆளு, அப்புறம் தெரு, அப்புறம் ஊரு.” நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் பெயரை அந்த மரத்தில் ஏற்றியது நீங்கள்தான். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதை நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்த ஆபீசில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

மற்றவர்கள் மவுஸைப் பிடித்து எதையோ சொடுக்குவார்கள். உங்களுக்கு அது பிடிக்காது. “எழுதினாத்தான் நாம என்ன செஞ்சோம்னு நமக்குத் தெரியும்” என்பீர்கள். எழுதியதை இரண்டு முறை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் எண்டரைத் தட்டுவீர்கள். கேட்டுக் கேட்டே எனக்கு அந்தக் கட்டளைகள் பழகிவிட்டன. எல்டாப்சர்ச் என்றால் தேடுவது. எல்டாப்ஆட் என்றால் சேர்ப்பது. எல்டாப்மாடிஃபை என்றால் மாற்றுவது. துடைக்கும்போது நானும் முணுமுணுப்பேன். “அண்ணே, என் வேலைக்குப் போட்டியா வர்றீங்களா?” என்று கேலி செய்வீர்கள்.

ஒரு சனிக்கிழமை மட்டும் நீங்கள் வாசிக்கவில்லை. நான் அந்த அறையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வரி அடித்தீர்கள், நெடுநேரம் அதையே பார்த்தீர்கள், சத்தமில்லாமல் தட்டினீர்கள். பிறகு இன்னொரு வரி. தொண்டை கட்டியிருக்கிறது போல என்று நினைத்து, மிளகு போட்டுச் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வாங்கிக் குடித்தீர்கள் சார்.

திங்கட்கிழமை கேட்டில் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்ப வைத்தேன், சட்டையில் துடைத்து வைத்தேன். வாட்ச்மேன் உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் வெளியே வந்து, “மெஷின்ல ஏதோ கோளாறு அண்ணே, உங்க பேரு தானா விழுந்துடுச்சு. சரியானதும் சொல்லி அனுப்புறேன்” என்றீர்கள். எனக்கு ஏதாவது அத்தாட்சி வேண்டுமே என்று கேட்டேன். உள்ளே போய், உங்கள் திரையில் இருந்ததை அச்சடித்து இந்தத் தாளைக் கொண்டுவந்தீர்கள். “இதுல உங்க பேரு இருக்கு. பத்திரமா வெச்சுக்குங்க.”

வைத்திருந்தேன். ஆறு மாதம் சொல்லி அனுப்புவீர்கள் என்று காத்திருந்தேன். என்னோடு ஆபீசில் கூட்டித் துடைத்த சாரதா ஒருநாள் வீட்டுக்கு வந்து, “கூட்டுற மூணு பேர்ல ஒருத்தரை வேலையை விட்டு எடுக்கச் சொன்னாங்களாம்ண்ணே. யாருன்னு சார்தான் முடிவு பண்ணாராம்” என்றாள். என் சாரைப் பற்றி என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு பேசாதே என்று அவளை வைது அனுப்பினேன். அதற்கப்புறமும் ஒவ்வொரு பலா சீசனுக்கும் காடாம்புலியூரிலிருந்து நல்ல பழமாகப் பார்த்து உங்கள் குவார்ட்டர்ஸுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பழத்தைத்தான் பார்ப்பீர்கள், என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். உங்கள் கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன்.

நேற்று அந்தத் தாளில் நான் படித்த முதல் சொல் எல்டாப்டெலீட். அதற்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை, செல்போனில் அழிக்கிறதுக்குத் தட்டுகிற அதே டெலீட்தான். அடுத்த வரி தேடல். அதன் கீழே வந்திருந்த பதில்தான் புரியவில்லை. சாயங்காலம் டீச்சரம்மாவிடம் காட்டினேன். யார் கொடுத்தது என்று கேட்டார். என் சிநேகிதர் என்றேன். தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். “உங்க பேரை எடுத்துட்டு, போயிடுச்சான்னு தேடிப் பாத்திருக்காங்க ஐயா. அப்படி ஒண்ணு இல்லைன்னு பதில் வந்திருக்கு.”

மூன்று பேரில் மற்ற இருவருக்கும் படிக்கத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது. அதனால்தான் நான் என்று இப்போது தோன்றுகிறது. வேலை போனது பெரிதில்லை சார், பிறகு முந்திரித் தோப்பில் பிழைத்துக்கொண்டேன். பொய்யை வாயால் சொல்லிவிட்டு உண்மையைத் தாளில் கொடுத்தீர்களே, அதுதான் ஆறவில்லை. மனசு கேட்காமல் கொடுத்தீர்களா? இவன் எங்கே படிக்கப் போகிறான் என்ற தைரியமா? பதில் சொல்ல நீங்கள் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று மேலே ஒரு வரி எழுதினேன். வாசித்தபோது அது உண்மையாகப் படவில்லை, கோடு போட்டு அடித்துவிட்டேன். நாளைக்கு சாரதா வீட்டுக்குப் போக வேண்டும். அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பழக்கம்தான். எதை எழுதினாலும் இரண்டு முறை வாய்விட்டு வாசிக்கிறேன். இதையும் வாசித்தேன். முடித்ததும் தாளை எடுத்து, அன்று நீங்கள் வாசிக்காமல் விட்ட அந்த முதல் வரியையும் சத்தமாக வாசித்தேன். இரண்டு முறை.

“யாரைக் கூப்ட்டுகினு இருக்கிற?” என்று அஞ்சலை அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“என்னைத்தான்” என்றேன்.

இப்படிக்கு,
கோவிந்தன்
(கைநாட்டு இல்லை சார், கையெழுத்து)