இருபத்துமூன்று நிமிடம் ஓடிய படகு

2008 பிப்ரவரி 4, திங்கள், மாலை 6.40. ஊருக்கு வந்து ஒன்பதாவது நாள்.

துபாய் ஆபீஸில் லீவு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கு அது போதும். களத்தில் ஒரே பெருமை: "பாய்மரப் படகுப் போட்டி டிவியில வருதுல்ல, எந்தப் படகு எங்க போவுதுன்னு காட்டுறது நம்ம அருள்தான்." அறுவடை மெஷின் ஓட்டும் இராஜாங்கம் விடுவாரா? "சேட்டிலைட்டு தெரியுற கண்ணுக்கு வரப்பு தெரியலையே தம்பி. காலையில வழுக்கி விழுந்தீங்களே!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

பிப்ரவரி 5

எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி. நிமிடத்துக்கொரு முறை சேட்டிலைட் வழியாகத் தன் இடத்தைச் சொல்லும். சிக்னல் விட்டுப்போனால், கடைசித் திசை, கடைசி வேகத்தை வைத்து என் புரோகிராம் திரையில் படகை நகர்த்திக்கொண்டே இருக்கும். அப்படி ஊகத்தில் நகர்வதை முதலில் மங்கலாகத்தான் காட்டினேன். டிவிக்காரர்கள் அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். மங்கலை எடுத்தேன். யார் எடுத்தது? நான்.

ஜனவரி 19. ஏழாம் எண் படகு கவிழ்ந்தது. திரையில் இருபத்துமூன்று நிமிடம் ஒழுங்காக ஓடியது. அதற்கப்புறம்தான் மீட்புப் படகு கிளம்பியது. கேப்டன் பிழைக்கவில்லை.

நடுவில் அவர் மனைவி ஆபீஸுக்கு போன் செய்தார். "அவர் போனை எடுக்கலை. டிவியில படகு போயிட்டுதானே இருக்கு?" போனை எடுத்தவன் நான். திரையைப் பார்த்தேன். நானே செய்த திரை—அதை நானே நம்பினேன். "நல்லா ஓடுது, மேடம்."

பிப்ரவரி 6, விபூதிப் புதன்

பூசை முடிந்து வயலுக்குப் போனேன். மெஷின் வாழைக்கொல்லைக்குப் பின்னால் மறைந்தது. என் தலைக்குள் அது அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் வரவில்லை. ஓடினேன். ஈரத்தில் சக்கரம் புதைந்து நின்றிருக்கிறது. இராஜாங்கம் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். "என்ன தம்பி, பேயடிச்ச மாதிரி வர்றீங்க?"

பிப்ரவரி 7

சித்தீக் அண்ணன் போன். சீர்காழிக்காரர், எனக்கு வேலை வாங்கித் தந்தவர், இப்போது என் மேலதிகாரி. "சிக்னல் கடைசிவரைக்கும் வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுப்பா. கேப்டன் ஆபத்து பட்டனை அமுக்காததுதான் தப்புன்னு விசாரணையை முடிச்சுடுவாங்க."

"செத்தவர் மேலயா அண்ணே?"

"செத்தவருக்கு வேலை போவாது அருள். உனக்கும் எனக்கும் போவும்."

அன்றைய பதிவு முழுக்க என் லேப்டாப்பில் இருக்கிறது. 2.14க்குப் பிறகு ஏழாம் எண்ணிலிருந்து ஒன்றுமே வரவில்லை.

பிப்ரவரி 8

அந்த ஒரு வரியை எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன். சீ.

பிப்ரவரி 9, காலை

தங்கச்சி லின்சி காபியோடு வந்தாள். "தூக்கத்துல மேடம் மேடம்னு உளர்ற. யாருண்ணா அந்த மேடம்? அப்பாகிட்ட சொல்லவா?" சொன்னேன், எல்லாவற்றையும். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கு அந்தம்மாகிட்ட நல்லா ஓடுதுன்ன. இன்னிக்கு உங்க புருஷன் மேலதான் தப்புன்னு சொல்லப் போறியா?"

இனி:

1. சித்தீக் அண்ணனுக்கு போன். அனுப்பிவிட்டுச் சொல்லக்கூடாது, சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும்.
2. மயிலாடுதுறை பிரவுசிங் சென்டர். முழுப் பதிவும் விசாரணைக் குழுவுக்கு. மங்கலை எடுத்தவன் நான் என்று, என் பெயர் போட்டு.
3. அப்பாவிடம், திரும்பிப் போக வேலை இருக்காது என்று. களத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து.
4. அந்த அம்மாவுக்கு போன். அன்றைக்குப் பேசியவன் நான்தான் என்று சொல்வது. அவர் வைக்கும்வரை வைக்கக்கூடாது.