நூற்றிருபது கட்டு

தக்கலை,
அக்டோபர் 13.

அன்பு நண்பன் சைபுதீனுக்கு,

பெருமாள் எழுதுவது. தம்மாமில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் இந்தக் கைக்குப் பழக்கம். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை.

நாள்தோறும் போனில் பேசுகிறவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். நாலு தடவை சொல்ல வந்து, நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். குளச்சலில் இருந்து சனிக்கிழமை ஒருவர் தம்மாமுக்கு வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுமையாக வாசி.

முதலில் வீட்டு விஷயம். உன் வீட்டுக்காரி மைமூன் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. மகன் போனபிறகு எனக்கு எதற்கு மாத்திரை என்று கேட்கிறாளாம். நீ போனில் ஒரு அதட்டு அதட்டு, நீ சொன்னால் கேட்பாள். அடுக்களைப் பக்கம் ஓடு ஒழுகியது, ஆள் வைத்து மாற்றிவிட்டேன். மருமகள் ரிஃபா இத்தாவில் இருக்கிறாள், தை மாதம் வரைக்கும் வேற்று ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. அதனால் நான் வாசலோடு திரும்பி வருகிறேன். உண்மையைச் சொன்னால், அது எனக்கு ஒரு சவுகரியமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன்?

இனி வைக்கோல் விஷயம்.

இந்தக் கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த அன்று மத்தியானம் ஒரு மழை பெய்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், நான்தான் போனில் புலம்பினேன். வயலில் கிடந்த வைக்கோல் அத்தனையும் நனைந்தது. மறுநாள் வெயில் அடித்து மேல்பாகம் காய்ந்தது, அடிப்பாகம் காயவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஆன்ஸ்லின் வைக்கோல் சுருட்டும் மெஷினோடு வந்து நின்றான். ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஈரம் கிடக்கிறது, இன்னும் இரண்டு வெயில் காணட்டும் என்று சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு விட்டால் மெஷின் இனி பத்து நாள் கழித்துத்தான் வரும், அதற்குள் இன்னொரு மழை பெய்தால் எல்லாம் அழுகிப் போகும். சுருட்டு என்றேன். அவன் தயங்கினான். வயல் உன்னுடையதா என்னுடையதா என்று கேட்டேன். அவன் மெஷினை வயலில் இறக்கினான்.

உருண்டை உருண்டையாகக் கட்டு விழுந்தது. பார்க்க அழகுதான். மத்தியானத்துக்குள் வெளிப்பக்கம் காய்ந்து பொன் நிறத்தில் இருந்தது. மூன்று மணிக்கு ஷாஹுல் டெம்போவைக் கொண்டு வந்தான், திருவட்டாறு பக்கத்து மாட்டுப் பண்ணைக்கு ஏற்ற. நம் பக்கத்தில் யார் கட்டை நிறுக்கிறார்கள்? எண்ணுவதோடு சரி. அவன் வண்டி நூற்றிருபது கட்டு தாங்கும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுகிறோம். ஏற்ற வந்த இரண்டு வடநாட்டுக்காரர்களுக்கும் அன்றுதான் முதல் நாள். கட்டு என்றால் இவ்வளவு கனக்கும் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

பாதி ஏறினபிறகு ஷாஹுல் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தான். என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

“மாமா, இது என்ன இப்பிடி கனக்கு? உள்ள நனஞ்சு கெடக்கா?”

சைபு, கட்டு ஏன் கனக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு விவசாயிக்குப் பஞ்சமே இல்லை. மெஷின் இறுக்கிச் சுருட்டினால் கனக்கும். சுற்றளவு ஒரு சாண் கூடினாலும் கனக்கும். நெல் முழுசாக உதிராமல் கதிரிலேயே தங்கினால் கனக்கும். கோரையும் புல்லும் சேர்ந்தால் கனக்கும். நான் இது அத்தனையும் சொன்னேன். தண்ணீரை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பண்ணைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயம்.

“புது வைக்கலு அப்பிடித்தான் மக்கா கனக்கும். நீ ஏத்து.”

இதுதான் நான் உன் மகனிடம் கடைசியாகச் சொன்னது. அவன் சிரித்துக்கொண்டு, மாமா சொன்னா சரிதான் என்று கயிறு போட்டான்.

நான் பைக்கில் பின்னாலேயே போனேன். சைபு, இதை நன்றாக வாசி. அவன் வேகமாகப் போகவில்லை. பைக்கில் போன எனக்கே சலிப்பாகும் அளவுக்கு மெதுவாகப் போனான். வண்டி இழுக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாசனச் சானல் கரை வளைவில் எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. அதற்கு வழி விட்டு ஓரம் ஒதுங்கினான். பாரம் தாங்காமல் கரை மண் உள்வாங்கியது. வண்டி மெல்லச் சரிந்து, தண்ணீருக்குள் கவிழ்ந்தது. கதவுக்கு மேல் கட்டுகள் விழுந்து கிடந்தன. நான் குதித்து ஒவ்வொன்றாக இழுத்தேன். என்னால் தூக்க முடியவில்லை.

போலீஸ் வந்து, வேகமாக வந்தானா என்று கேட்டது. நான் தூரத்தில் வந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். வேன்காரன் நிற்காமல் போய்விட்டான். அவ்வளவுதான், ஷாஹுல் போன் பேசிக்கொண்டு பறந்தான் என்று தக்கலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. கட்டுகள் சானலில் ஊறிப் போனதால் முன்பே நனைந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தண்ணீர் என்னைக் காப்பாற்றிவிட்டது.

வீட்டு மாட்டுக்கென்று எட்டுக் கட்டு ஒதுக்கி வைத்திருந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் ஒன்றை எடுத்துப் போய் வாழைக்குலை தராசில் வைத்தேன். காய்ந்த கட்டு பதினைந்து கிலோ நிற்கும். இது இருபத்தொன்பது. உள்ளே கையை விட்டேன். ஈரத்தில் புழுங்கி, காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி சுட்டது. நூற்றிருபதால் பெருக்கிப் பார்க்க எனக்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரத்தைத்தான் அந்த வண்டியில் ஏற்றிவிட்டேன். ஆன்ஸ்லின் அன்று சாயங்காலம் வந்தான். தராசையும் கட்டையும் பார்த்தான். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இதெல்லாவற்றையும் விட என்னைத் தின்பது ஒன்று இருக்கிறது. லீவு கிடைக்காமல், மகனுக்கு ஒரு பிடி மண் போட முடியாமல், அடக்கத்தன்று ராத்திரி நீ எனக்குப் போன் செய்தாய். அவன் சின்ன வயதிலிருந்தே வேகக்காரன், உன் வைக்கோலையும் சானலில் தள்ளிவிட்டான், அவன் கபரில் நிம்மதியாகக் கிடக்க வேண்டும், நீ அவனுக்காகப் பொருந்திக்கொள் பெருமாளே என்று அழுதாய். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும். இறந்தவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அவர்கள் மன்னித்து அப்படிச் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். பொருந்திக்கொண்டேன் சைபு என்றேன். கொன்றவன் செத்தவனை மன்னித்தேன். என் நாக்கு அழுகாமல் இன்னும் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஷாஹுல் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னிடம் அவனுக்கு எதுவும் தேவையில்லை. நாளைக் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். அங்கே சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்வேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன்.

உன்னிடம் எனக்காக அந்த வார்த்தையைக் கேட்க மாட்டேன். அந்த அளவுக்கு வெட்கம் கெடவில்லை. ஒன்றே ஒன்று செய். என்னால் ரிஃபாவின் முன்னால் போய் நிற்க முடியாது, நீ அவளைக் கூப்பிட்டுச் சொல். அவள் புருஷன் மெதுவாகத்தான் போனான் என்று சொல். பிள்ளைகள் வந்த வண்டிக்கு வழி விட்டுத்தான் ஒதுங்கினான் என்று சொல்.

படைத்தவன் உனக்குத் தெம்பு தரட்டும். மாத்திரை விஷயத்தை மைமூனிடம் மறக்காமல் சொல்.

இப்படிக்கு,
நண்பன் என்று எழுத வந்து கை நின்றுவிட்டது,
நாராயணபெருமாள்.