புயலுக்கு ஒதுங்க வந்த மச்சினன்

கார்த்திகை 17, இரவு.

புயல் என்றாலே கடலூரிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு எங்கள் வேங்கிக்கால் வீட்டுக்கு வந்துவிடுவான். மலை இருக்கும் ஊரில் புயலுக்கு என்ன வேலை என்று நான்தான் வருடாவருடம் கூப்பிடுவேன். இந்த முறை புயல் கடலூரை லேசாகத் தொட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.

காலையில் அவன் பையை மாட்டிக்கொண்டான். "அங்க வெயில் அடிக்குதாம் மாமா, கெளம்பறோம். நீங்க ஜாக்கிரதையா இருங்க."

எங்களையும் கூப்பிடுவான் என்று நம்பி என் மனைவி இரண்டு புடவைகளை மடித்து வைத்திருந்தாள். "வரட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டான். அவள் தலையாட்டிவிட்டுப் புடவைகளைப் பரணில் ஏற்றினாள்.

சாயங்காலம் போன் செய்தான். பத்திரமாகச் சேர்ந்துவிட்டார்களாம்.

"அடுத்த புயலுக்குள்ள வீடு காஞ்சிடும் இல்ல மாமா?"

காய்ந்துவிடும் என்றேன்.