அடுப்புக்கு மேல் வைத்த பெட்டி

ஹட்டன்,
06.08.2024

அன்புள்ள தம்பி ஜூலியனுக்கு,

மாதா துணையால் நீயும் சுகிர்தமும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. கடை முழுக்க ஈரச்சாக்கு வாடை. ஃபோனில் பேசினால் “மீட்டிங்ல இருக்கேன் அக்கா” என்பாய். அதனால்தான் எழுதி, உன் லொறி டிரைவர் செல்லசாமியிடம் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ இறக்குமதி செய்து அனுப்பும் சொக்லட் கோன்ஃபிளேக்ஸ் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடுகிற அம்மாக்களுக்கு ரொட்டி சுட நேரம் ஏது? ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பரா ஆயாவிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார்கள். பெட்டியில் படம் போட்டிருக்கிற மாதிரி குளிர்ந்த பாலை யாரும் ஊற்றுவதில்லை. பால் விடாத சூடான சாயத்தண்ணிதான். செய்து அனுப்புகிற கொம்பனிக்காரன் பார்த்தால் அழுதுவிடுவான்.

ஒன்று கேட்க வேண்டும். சீனி எவ்வளவு என்று காட்ட அரசாங்கம் போடச் சொல்லும் வட்டம் போன தடவை சிவப்பாக இருந்தது. இந்தத் தடவை பச்சை. “செவப்பு வட்டம்னா தெனமும் குடுக்காதீங்க, பச்சைன்னா பயமில்ல” என்று மிட்வைஃப் மிஸ் பிள்ளைக்காம்பராவில் சொல்லி வைத்திருப்பதால், முன்பு வாங்காதவர்களும் இப்போது கேட்டு வருகிறார்கள். உண்மையிலேயே சீனியைக் குறைத்துவிட்டார்களா? ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா ஜொய்சி


கொழும்பு,
12.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் சுகிர்தமும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயத்தண்ணியா? தயவுசெய்து யாரும் வீடியோ எடுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆமாம் அக்கா, இது புதுத் தயாரிப்பு, சீனி குறைவு. தைரியமாக விற்கலாம். இறக்குமதித் தடை இருந்த வருடங்களில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக நான் அலைந்தது உங்களுக்குத் தெரியும். இப்போதுதான் மூச்சு விடுகிறேன். அடுத்த கண்டெய்னரில் மலையகத்துக்குக் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன். நுவரெலியாவில் மதுரன் என்று ஒரு கடைக்காரன் ஏஜென்சி கேட்டு நிற்கிறான். அக்காவுக்குப் பிறகுதான் யாருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பி,
ஜூலியன்


ஹட்டன்,
29.08.2024

தம்பி ஜூலியனுக்கு,

நேற்று ராசம்மா கடைக்கு வந்தாள். கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிப்பவள், இரண்டு பிள்ளைகள். கையில் உன் பெட்டி. ஆட்கள் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, மேசையில் வைத்தாள்.

“அக்கா, பச்சைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க. இங்க பாருங்க, உள்ள செவப்பு இருக்கு.”

பார்த்தேன். பச்சை வட்டம் போட்ட ஸ்டிக்கர் பாதி சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே பழைய ஸ்டிக்கர், சிவப்பு வட்டத்தோடு.

எப்படிக் கழன்றது என்று யோசிக்கிறாயா? இந்த ஈரத்தில் பெட்டியைக் கீழே வைத்தால் இரண்டே நாளில் நமுத்துப்போகும். அதனால் லயத்து வீடுகளில் எல்லாரும் அதை அடுப்புக்கு மேலே, விறகு காய வைக்கிற பரணில் வைக்கிறார்கள். சூட்டில் உன் பசை இளகிவிட்டது. கொழும்பு அதிகாரிகளையெல்லாம் கணக்குப் போட்டு வைத்த நீ, அந்தப் பரணை மறந்துவிட்டாய். நீ கோயிலில் முதல்நன்மை வாங்கப் போட்ட சப்பாத்து ஈரமானபோது அம்மா அங்கேதானே ஏற்றி வைத்தாள்.

ராசம்மா போனதும் கடையில் இருந்த பெட்டிகளைக் தண்ணீர் கொதிக்கும் கேத்திலின் ஆவியில் காட்டிப் பார்த்தேன். காட்டிய பெட்டியிலெல்லாம் உள்ளே சிவப்பு. அத்தனையையும் தட்டிலிருந்து இறக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

புதுத் தயாரிப்பு என்று எனக்கே பொய் எழுதியிருக்கிறாய். ராசம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல? உடனே எழுது.

ஜொய்சி


கொழும்பு,
03.09.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் அமைதியாக இருங்கள். சிவப்பு வட்டத்தோடு சுப்பர் மார்க்கெட்டுகள் எடுக்க மாட்டோம் என்று கைவிரித்துவிட்டன. சரக்கு முழுவதும் களஞ்சியத்தில் கிடந்தது. வேறு வழியில்லாமல் செய்தேன். எல்லாரும் செய்கிறார்கள். நஞ்சா விற்கிறோம்? வெறும் சீனி. லயத்து ஆட்கள் சாயத்தண்ணியில் அள்ளிப் போடாத சீனியா? அவர்கள் வட்டத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று யார் கண்டது?

பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். ஒருவேளை சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால், ஸ்டிக்கர் ஹட்டனில் ஒட்டியது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லுங்கள். சின்னக் கடை, எச்சரித்து விட்டுவிடுவார்கள். என் பெயர் வந்தால் லைசன்ஸ் போய்விடும், அக்கா. என் வாழ்க்கையே போய்விடும்.

இதை மீறி ஏதாவது செய்தீர்களானால், எனக்கு அக்கா என்று ஒருத்தி இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

ஜூலியன்


ஹட்டன்,
02.10.2024

அன்புள்ள தம்பி ஜூலியனுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறவில்லை, அதனால் அதோடேயே எழுதுகிறேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. அது தேவைப்படவில்லை. பெட்டிகளை அள்ளிக்கொண்டு நானே சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தயாவிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “உங்கள் கடையை நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்களா?” என்று சிங்களத்தில் கேட்டார். “ஔ மாத்தயா” என்று ஒத்துக்கொண்டேன். ஒட்டியது ஹட்டனிலா என்று கேட்டார். இல்லை, கொழும்பில் என்றேன். யார் என்றார். என் கூடப்பிறந்த தம்பி என்றேன். அவர் எழுதிக்கொள்ள உன் முழுப்பெயரையும் விலாசத்தையும் நானே சொன்னேன்.

லயத்து ஆட்கள் என்று எழுதியிருக்கிறாய். நீ எந்த பங்களாவில் பிறந்தாய்? அதே பிள்ளைக்காம்பராவில்தான் உன்னையும் விட்டுவிட்டு அம்மா மலையேறினாள். உன் வாயில் என்ன போகிறது என்று யாரோ சொன்னதை நம்பித்தான் அவளும் கொழுந்து பறித்தாள். ராசம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். நீ எறும்பளவில் அச்சடித்திருக்கிற தமிழைப் பெரட்டு நேரத்தில் நின்று வாசிக்கத்தான் நேரமில்லை. அவளுக்காகப் போட்டதுதான் அந்த வட்டம்.

வெறும் சீனிதானே என்கிறாய். ஈஸ்டருக்கு உன் வீட்டில் ஒரு கிழமை முழுக்க இருந்தேன். உன் மகளுக்குச் சுகிர்தம் காலையில் முட்டையும் பாணும் கொடுத்தாள், பச்சைப்பயறு அவித்துக் கொடுத்தாள். உன் சாப்பாட்டு மேசையில் அந்தப் பெட்டியை நான் ஒருநாளும் காணவில்லை.

பரிசோதகர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு போய், விற்ற என் மேலும் ஒட்டிய உன் மேலும் வழக்குப் போட்டிருக்கிறார். ராசம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். “சரி, மாவு ஒரு கிலோ குடுங்கக்கா” என்றாள். ஆனால் மற்றவர்கள் எல்லாரும் அவளைப் போல இல்லை. பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போகிறார்கள். போகட்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். சிவப்புப் பெட்டி இனி வந்தால் சிவப்பாகவே விற்பேன், வாயால் சொல்லியே விற்பேன்.

அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். அதை நீ தனியாக முடிவெடுக்க முடியாது. லைசன்ஸ் போனால் போகட்டும், கடையில் எனக்கு ஒரு ஆள் தேவைதான். வர மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

வழக்குத் தவணை பதினாலாம் திகதி. உனக்கும் அழைப்பாணை வந்திருக்கும். ஹட்டன் நீதிமன்றம்தான், கொழும்பு இல்லை. ஆகவே என்னோடு கோபமென்றாலும் நீ இங்கே வந்துதான் ஆக வேண்டும். முதலில் என் பெயரைக் கூப்பிடுவார்கள், அடுத்து உன் பெயரை. பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். நான் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறேன். காலையில் சாப்பிடாமல் வா.

நீ வேண்டாம் என்றாலும் உன் அக்கா,
ஜொய்சி