பப்படத்துக்கு அடியில் ஒரு சாளை

மைனி,

உங்கள் அடுக்களையில் சாளை மீன் பொரிகிற மணம் வீடு முழுக்க நிற்கிறது. தேங்காய் எண்ணெயும் நல்லமிளகும் சேர்ந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது. உங்கள் மருமகள் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டுக்கொண்டு ஊருக்கே தெரியும்படி பொரிக்கிறாள். இன்று உங்கள் முதல் வருஷத் திவசம். நான் என்னவென்றால் தூணில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இதே வீட்டில் மீன் என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொன்ன காலம் உங்களுக்கு மறந்திருக்காது. சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் குழித்துறையில் இருந்து என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தீர்கள். உங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. எங்கள் வீடோ சுத்த சைவம். சம்பந்தம் பேசும்போதே பெரியப்பா, "பொண்ணு இனி மீனைக் கையால தொடப்பிடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் வெற்றிலையை எடுத்தாராம். அப்பாவுக்கு மூத்தவர், நெற்றி நிறையத் திருநீறு, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கும் உங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சோற்றை அளைந்துகொண்டே, "ஏட்டி, நாக்கு செத்துப்போச்சு கேட்டியா" என்று என்னிடம் மட்டும் சொல்வீர்கள்.

அப்பாவிடம் யார் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. ஒருவேளை உங்கள் முகமே சொல்லியிருக்கும். ஒரு நாள் குழித்துறைச் சந்தைக்குப் போய்விட்டு வந்தவர், வீட்டுக்குள் நுழையாமல் நேரே வைக்கோல் படப்புக்குப் பின்னால் போனார். "மக்கா, இஞ்ச வா" என்று உங்களைக் கூப்பிட்டார். நானும் பின்னாலேயே வந்தேன். மடக்கிய குடைக்குள் கையை விட்டு ஒரு வாழையிலைப் பொதியை எடுத்தார். பொரித்த சாளை. உங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பயம். "மாமாவும் தின்னாத்தான் நான் தின்னுவேன்" என்று அடம்பிடித்தீர்கள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மென்றார். ருசியில் சொக்கிப்போய்விட்டார் என்று நாம் இரண்டு பேரும் நினைத்தோம்.

அதற்கப்புறம் சந்தை நாளில் எல்லாம் வெயிலோ மழையோ அப்பா குடையை விரிக்கவே மாட்டார். மத்தியானம் அம்மா கண் அயர்ந்த நேரம், படப்புக்குப் பின்னால் மாமனாரும் மருமகளும், காவலுக்கு நான். தின்று முடித்துக் கைகழுவிவிட்டு, ஒன்றும் அறியாதவர்போல 'சிவ சிவா' என்று திருநீறு பூசிக்கொண்டு வருவார். அந்தச் சிவசிவாவைக் கேட்டால் நீங்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர்வதற்குக் கொஞ்ச காலம் முன்னால் அப்பா போய்விட்டார். வயலில் இருந்து வந்து குடிக்க வெந்நீர் கேட்டவர், அது சூடாவதற்குள் போய்விட்டார். பெற்ற மகள் நான், என்னைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அவருடைய முதல் திவசம். ஐயர் வந்து எள்ளும் நீரும் இறைத்துப் போன பிறகு, நம் வீட்டு வழக்கப்படி உள்ளறையில் இலை போட்டோம். புது வேட்டியும் நேரியல் துண்டும் வைத்து, செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் விளம்பி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே பேசாமல் உட்கார வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவார். அப்புறம் மூத்தவர் கதவைத் திறந்து இலையை எடுத்து வர, ஆளுக்குக் கொஞ்சமாக எல்லாரும் உண்ண வேண்டும். அன்று காலையில் நீங்கள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள்.

"மாமாவுக்குப் பிடிச்சத வைக்கணும்னுதான சொல்லுகாவ? அவிச்ச வாழைக்காயா அவியளுக்குப் பிடிக்கும்? செத்த பொறவும் பட்டினி போடணுமா?"

"பெரியப்பா பாத்தா ஒங்கள குழித்துறைக்கு வண்டியேத்தி விட்டிருவாவ மைனி."

"விடட்டும். எனக்க மாமா பசியோட போகப்பிடாது."

திவசத்துக்கு வந்த உங்கள் அண்ணன் கையில் ஒரு மடக்கிய குடை. வெளியே நல்ல வெயில்! இலை விளம்பும்போது பெரிய பப்படமாகப் பார்த்து எடுத்து, அதற்கு அடியில் ஒரு சாளையை ஒளித்து வைத்துவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தீர்கள். கதவு சாத்தியாயிற்று. அப்போதுதான் என் கையைக் கிள்ளினீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏட்டி, எலைய வெளிய கொண்டு வருவாவல்லா?"

இதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை! பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். "என்னமோ ஒரு மணம் வருகே" என்றார். "புது வேட்டிக்க மணமா இருக்கும்" என்றாள் அம்மா. அவர் எழுந்தார். உங்கள் அண்ணன் குடையோடு வாசலுக்கு நகர்ந்துவிட்டார். பெரியப்பாவின் கை கதவுக்குப் போகும் நேரம் அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவர் முன்னால் அவள் அப்படி நின்றதை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவியளுக்க எலை. இந்த வருஷம் நான் தொறக்கேன்."

பெரியப்பா விலகிக்கொண்டார். அம்மா உள்ளே போய்க் கதவை மறுபடி சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இலையோடு வந்தாள். பப்படம் நொறுங்கியிருந்தது. சாளையைக் காணோம். இலையைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி நேரே பின்கட்டுக்குப் போனாள். அடுத்த நிமிஷம் தென்னைமரத்தடியில் காக்கைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியளா, எனக்க தம்பி வயிறு நெறஞ்சிட்டு" என்றார்.

நாமும் பின்கட்டுக்குப் போனோம். அம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி உங்களைப் பார்த்தாள்.

"சாளையா வச்ச? ஏட்டி, அவியளுக்கு நெத்திலில்லா பிடிக்கும். அறுப்புக் களத்துல கஞ்சிக்குச் சுட்ட நெத்திலின்னா உசிர விடுவாவ. சாளை மணமே ஆவாது. சந்தையில சாளைக்கூடை எதுக்க வந்தா மூக்கைப் பொத்துவாவ."

"இல்ல மாமி, எனக்க கூட இருந்து தின்னாவளே... கண்ண மூடிகிட்டு..."

"பின்னே? கண்ண மூடாம எப்படித் திம்பாவ?"

ஆக, அம்மாவுக்குப் படப்பும் தெரியும், குடையும் தெரியும். அப்பாவின் நெத்திலியோ தனக்குக் கல்யாணமான நாள் முதலே தெரியும். நீங்கள் கிணற்றுத் துவைகல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். "எனக்காவ தின்னிருக்காவ ஏட்டி, எனக்காவ" என்று அழுதீர்கள். அழுகை எப்போது சிரிப்பானது என்று தெரியவில்லை. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதோடு விட்டீர்களா? மறுநாளே வீட்டில் ஒவ்வொருவரிடமும் போய், "ஒங்க எலையில என்ன வைக்கணும்?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். என் அண்ணன் அடிக்கவே வந்தான். பெரியப்பா, "விளக்கு வைக்க நேரத்துல கேக்குத கேள்வியா?" என்று சீறிவிட்டு, கொஞ்சம் கழித்துத் தானாகவே வந்து, "பலாப்பழம். வரிக்கை" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாதான் ரொம்ப நேரம் யோசித்தாள்.

"கல்லுல இருந்து எடுத்த சூட்டோட ஒரு தோசை. எல்லாருக்கும் சுட்டுப் போட்டு, நான் ஆறினதத்தான் தின்னிருக்கேன்."

மறுநாள் காலையில் நீங்கள் அம்மாவைப் பிடித்து அடுக்களையில் உட்காரவைத்து, முதல் தோசையை ஆவி பறக்க அவள் இலையில் போட்டீர்கள். "இத வாங்க எதுக்கு மாமி சாவணும்?" என்றீர்கள். அவள் கண்மூடுகிற வரைக்கும் இந்த வீட்டில் முதல் தோசை அவளுக்குத்தான்.

அம்மா போனதும் பெரியப்பா போனதும் எனக்கு நீங்கள் இருந்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது. நீங்கள் போனது தாங்கவில்லை மைனி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் கற்றுத்தராமலே ஒரு பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அவர் இருக்கும்போதே வாய்விட்டுக் கேட்டுவிடுவேன். கேட்டதை மறுநாளைக்குத் தள்ளிப்போட மாட்டேன்.

இன்று உங்கள் மருமகள் சாளையை இலையின் நடுவில் ராஜா மாதிரி வைத்தாள். நான் எடுத்துப் பப்படத்துக்கு அடியில் வைத்தேன்.

"ஏன் அத்தை மறைக்கணும்? இப்ப யாரு கேக்கப் போறா?"

"ஒளிச்சு வச்சாத்தான் அவியளுக்கு எறங்கும் மக்கா."

அவள் சிரித்தாள். பிறகு, உங்களைப் போலவே கூச்சம் இல்லாமல், "ஒங்க எலையில என்ன வைக்கணும் அத்தை?" என்று கேட்டாள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவியலும் பால்பாயசமும் என்றேன். நாளைக்கே வேண்டும், இலைக்காகக் காத்திருக்க முடியாது என்றும் சொன்னேன்.

கதவைச் சாத்தியாயிற்று மைனி. வெளியே நான்தான் காவல். மெதுவாகச் சாப்பிடுங்கள்.